சில வாரங்களுக்குப் பிறகு நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் நின்றுவிடுகின்றன, எப்படித் தொடர்வது?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. திருச்சியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தபடி வேலை. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 விழுக்காடு என்று வந்திருக்கிறது. இது இன்னும் நீரிழிவு ஆகிவிடவில்லை என்றும், இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை என்றும், உணவையும் உடலுழைப்பையும் சரிசெய்துகொண்டு மூன்று மாதம் கழித்து வருமாறும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அந்தப் பயத்தில் மறுநாளே நடக்கத் தொடங்கி, இரவுச் சோற்றையும் நிறுத்திவிட்டேன்.

ஆனால் என்னை எனக்குத் தெரியும். தொடக்கத்தில் இருக்கும் வேகம் சில வாரங்கள்தான் நிற்கும். செப்டம்பரில் வரித் தணிக்கை வேலைகள் சேர்ந்துகொண்டால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும், விடியற்காலையில் எழ முடியாது, இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் கிளம்ப மனம் வராது. இதற்கிடையே எடையும் குறையாமல் அப்படியே நின்றால், இத்தனை பாடு எதற்கு என்று தோன்றிவிடுகிறது. எதைச் சாப்பிட வேண்டும் என்ற பட்டியல் என்னிடம் ஏராளமாக இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. முதலில் இருந்த ஊக்கம் வடிந்த பிறகும் நீங்கள் எவ்வாறு தொடர்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

மேலச்சிந்தாமணி

ஐயா, நானும் இதே எல்லைக்குள் இருந்தவன்; 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவைத்தான் முன்நீரிழிவு நிலை என்கிறார்கள். பயத்தை முதலாக வைத்துத் தொடங்கினால் பயம் தெளிந்ததும் முயற்சியும் நின்றுபோவது இயல்புதான். எனவே ஊக்கத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்று யோசிப்பதைவிட, அது இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி எதையெல்லாம் ஏற்பாடு செய்யலாம் என்று யோசிப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்தி, 2002-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற உழைப்பில் ஈடுபடுவது என்ற இரண்டு இலக்குகளுடன் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட குழுவில், நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது; மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை கொடுத்த குழுவில் 31 விழுக்காடுதான். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி அமர்த்தப்பட்டிருந்தார். முதல் ஆறு மாதத்தில் மட்டும் 16 பாடங்களை அவர் நேரில் உட்கார்ந்து நடத்தினார். தானாக ஊறும் மனஉறுதியை நம்பி அந்த ஆய்வாளர்களே காரியத்தில் இறங்கவில்லை. "இந்த வாரம் நடந்தீர்களா?" என்று தவறாமல் கேட்க உங்களுக்கும் ஒருவர் வேண்டும், அது மனைவியாக இருந்தால் சண்டையில் முடியும், அலுவலக நண்பராக இருந்தால் நல்லது.

எடையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நம் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எந்த மாற்றமும் சொல்லப்படாத குழுவில் மூன்றாண்டுக்குள் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. ஆகவே எடைக்கருவியைத் தினமும் மிதித்து மனம் சோர வேண்டாம். மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எச்பிஏ1சியும் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியையே காட்டும் என்பதால், மருத்துவர் சொன்ன தவணைக்கு முன்பே ஆய்வகத்துக்கு ஓடுவதில் பொருளில்லை.

அடுப்படி

தம்பி, இரவுச் சோற்றை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் இடத்தில் என்ன வந்தது என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் சோறு போய் அந்த இடத்தில் தோசை வந்தது. பசிக்கு நான்கு, சட்னி நன்றாக இருந்தால் ஐந்து. அதுவும் அரிசிதானே? கேழ்வரகும் தினையும்கூட மாவுச்சத்துதான்; சிறுதானியம் என்ற பெயருக்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது.

நீங்கள் தோற்பது இரவு ஒன்பதரைக்கு என்று நினைக்கிறீர்கள். உண்மையில் மாலை நான்கு மணிக்கே தோற்றுவிடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலகத்துக்கு வரும் டீயோடு பிஸ்கட்டோ பஜ்ஜியோ போதும் என்று இருந்துவிட்டு, அகோரப் பசியோடு வீட்டுக்கு வந்து உட்காருபவருக்கு எந்தக் கட்டுப்பாடும் நினைவில் நிற்காது. முந்தைய இரவே ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போட்டுக் காலையில் வேகவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துச் சிறிய டப்பாவில் எடுத்துப்போங்கள். இரவில் தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் விழட்டும், அதன் பிறகு சோறு. பரிமாறியதும் சோற்றுப் பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பிவிட வேண்டும். கண்ணெதிரே இருந்தால் "இன்னும் ஒரு கரண்டி" என்று அன்பாகப் போடுவதற்கு எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உணவுத் திட்டம் என்பது, சமைப்பவருக்குக் கூடுதலாக இரண்டு காய் நறுக்கும் வேலை. அந்த வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால்தான் அது மாதம் தாண்டும்.

பழைய ஆடுகளம்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விட்டுப்போன அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், ஒரு புதிய செயல் எத்தனை நாளில் பழக்கமாகிறது என்று கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர அளவாக 66 நாள் ஆகிறது என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடுகிறது என்றும் கண்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நீங்கள் கைவிடும் கட்டத்தில் பழக்கம் பாதிகூட வேர்விட்டிருக்காது. அப்போது சலிப்பு வருவதில் வியப்பில்லை.

தணிக்கை மாதத்துக்கென்று தனியாக ஒரு சிறிய கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை நடை முடியாவிட்டால், இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் போதும். உண்டபின் நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் நிலைக்கு அது மிகவும் ஏற்றது. அதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்கும் வேலை கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. நாற்காலியில் கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. தோசை விஷயத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள், அக்கா. ஒரே ஓர் ஐயம்: இரவு பத்து மணிக்கு எங்கள் தெருவில் நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன, அந்த நேரத்தில் எங்கே நடப்பது?

பழைய ஆடுகளம்

மொட்டைமாடி இருந்தால் அங்கே நடக்கலாம். இல்லையென்றால் கூடத்திலிருந்து வாசல் வரை நடந்தாலும் கால்களுக்கு வேறுபாடு தெரியாது. தொலைபேசியில் பேச வேண்டியவர்களை அந்த நேரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். என் மகளிடம் பேசியே என் நடை முடிந்துவிடுகிறது.