கட்டுநாயக்கவிலிருந்து டொரண்டோ: அம்மா தனியாகப் போகிறார், உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

அட்டன் மகள்:
வருகிற ஜூலையில் அம்மா டொரண்டோவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். தோட்டத்தில் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கியவர்; விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. இரவு 10.00 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறி, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. பதினொன்றரை மணித்தியாலம்தான் வருகிறது. லண்டனுக்கு நேராகப் பறக்கவே ஏறக்குறைய 11 மணித்தியாலம் பிடிக்கிறதே, டொரண்டோ அதற்கும் அப்பால் அல்லவா? அம்மாவுக்குச் சீனி வியாதி. மாத்திரை நேரத்தை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியான கணக்கு யாராவது சொல்லுங்கள்.

பண்டாரவளையான் (டொரண்டோ):
தங்கச்சி, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் டொரண்டோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டுங்கள்: 21 மணித்தியாலம். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் சுமார் 3,300 கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து டொரண்டோ சுமார் 11,100 கிலோமீட்டர், 14 மணித்தியாலம். மிச்சம் டுபாயில் காத்திருக்கும் நேரம். அம்மாவுக்குக் கடினமானது அந்த இரண்டாவது பயணம்தான். நடைபாதை ஓர இருக்கையை இப்போதே கேட்டு வாங்குங்கள். அவர் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். சக்கர நாற்காலி உதவியையும் பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். டுபாயில் அடுத்த விமானத்தின் வாசல்வரை கூட்டிப்போக ஆள் கிடைப்பார், மொழி தெரியாத தாய்க்கு அது பெரிய பலம்.

அட்டன் மகள்:
மிக்க நன்றி அண்ணா. திரும்பி வரும்போது டொரண்டோவிலிருந்து டுபாய்க்கு 13 மணித்தியாலம்கூட இல்லையே, வேறு வழியாக வருவார்களா?

பண்டாரவளையான் (டொரண்டோ):
தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, காற்றுதான் காரணம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஓடுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும்.

வட்டவளை வேன்காரர்:
மகள், உங்கள் 21 மணித்தியாலத்தில் அட்டன் பாதை சேரவில்லை. ஜூலை நமக்கு மழைக்காலம். வட்டவளையில் பனிமூட்டம், கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடையில் மண் சரிந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விமான நிலையத்தில் மாலை 7 மணிக்கு இருக்க வேண்டுமென்றால், பகல் 11 மணிக்கே புறப்படுங்கள். அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. சுவெட்டரைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், விமானத்துக்குள் நம் ஊரைப்போலக் குளிரும்.

திக்கோயா தாதி:
அக்கா, மாத்திரைகள் முழுவதும் கைப்பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டும் கூடவே. ஊர் நேரம் மாறும்போது எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று கிளினிக் வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். அம்மாவின் கைக்கடிகாரத்தை இலங்கை நேரத்திலேயே விட்டுவிட்டு, வைத்தியர் சொல்வதை அந்த நேரப்படி தாளில் எழுதிக் கொடுங்கள். விமானச் சாப்பாடு எப்போது வரும் என்று நிச்சயமில்லை, கொஞ்சம் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும்.