மறு: மறு: ‘மென்டல் மாடல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். புதிய துறைக்குள் நுழைகிறவர் அதை எப்படி வேகமாகக் கற்பது, ஒரு வேலையோ தொழிலோ தேடிவந்தால் ஏற்பதா விடுவதா என்று எப்படி எடைபோடுவது, இதுதான் பொருள். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே இருக்கும் ‘மென்டல் மாடல்’ (ஒன்று எப்படி இயங்குகிறது என்று நாம் மனத்துக்குள் வைத்திருக்கும் மாதிரி) மட்டும் இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. ஒலிபெயர்த்துப் போட வழியில்லை. ‘மென்டல்’ நம் பேச்சில் வசைச்சொல்லாகிவிட்டது, ஆசிரியர் வகுப்பில் சொன்னால் சிரிப்பு அடங்கவே நேரமாகும். இப்போதைக்கு ‘மனமாதிரி’ என்று போட்டிருக்கிறேன். யாராவது ‘மன மாதிரி’ என்று பிரித்து எழுதிவிட்டால் ‘பூ மாதிரி’, ‘பால் மாதிரி’ என்பது போல ஆகிவிடுகிறது. மாற்றுச்சொல் இருந்தால் தாருங்கள்.

செ.மு.

* * *

அன்புள்ள செ.மு.,

‘மனம்’ வேண்டாம் அம்மா. அது ‘மனஸ்’ வழி வந்தது என்றுதான் சென்னைப் பேரகராதி சொல்கிறது. நமக்கு ‘உள்ளம்’ இருக்கிறது, அதற்கு ‘உள்ளுதல்’ என்ற வினையும் இருக்கிறது. “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்” (குறள் 596). நினைப்பதற்கும் நினைக்கும் இடத்துக்கும் ஒரே வேர் கிடைத்திருக்கும்போது எதற்கு வெளியே போக வேண்டும்? ‘உளவியல்’ என்று துறைக்கே பெயர் வைத்தாகிவிட்டது. ஆகவே ‘உளப்படிமம்’.

‘மாதிரி’யையும் வடமொழி ‘மாத்திரா’வோடு முடிச்சுப் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘மா’ நம் அளவுச்சொல். நிலத்திலும் உண்டு, இருபதில் ஒரு பங்கு என்ற பின்னமாகவும் உண்டு. ஒன்றின் அளவுப்படி இன்னொன்று அமைந்தால் அது மாதிரி. இதைத் தனியே விரிவாக எழுதுகிறேன்.

க.தே.

* * *

க.தே. ஐயா, ‘மனம்’ வடமொழி என்று தள்ளிவிட்டு ‘படிமம்’ எடுத்தால் எப்படி? அதையும் ‘பிரதிமா’ என்றுதானே அதே அகராதி காட்டுகிறது! தொல்காப்பியப் பாயிரம் “பல்புகழ் நிறுத்த படிமையோனே” என்று முடிகிறதே, அந்தப் படிமைக்கு உரையாசிரியர்கள் தவவேடம், நோன்பு என்றெல்லாம் பொருள் சொல்வார்கள். அங்கிருந்து சிலைக்கு வந்து, புதுக்கவிதைத் திறனாய்வில் காட்சிக்குப் போய், இப்போது கணினியில் படக்கோப்புக்கும் ஆகிவருகிறது. இத்தனை சுமை ஏறிய சொல்லை இங்கேயும் இழுக்க வேண்டுமா?

ப.வே.

* * *

நண்பர்களே,

வேர் எங்கிருந்து வந்தாலும் சரி, பொருள் பிசகக் கூடாது. நான் உளவியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உளவியலாளர் கென்னத் கிரெய்க் 1943-ல் முன்வைத்த கருத்து இது: மனிதன் வெளியுலகத்தின் சிறிய மாதிரி ஒன்றைத் தலைக்குள் வைத்திருக்கிறான், ஒன்றைச் செய்வதற்கு முன்னால் அதை உள்ளே ஓட்டிப் பார்க்கிறான். ‘ஓட்டிப் பார்ப்பது’தான் இதன் உயிர். படிமத்தை ஓட்ட முடியாது, பார்க்கத்தான் முடியும்.

ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். அறை சீக்கிரம் குளிரட்டும் என்று 24-க்குப் பதில் 16-ல் வைக்கிறவர் தலைக்குள் இருப்பது தண்ணீர்க் குழாய்: அதிகம் திறந்தால் அதிகம் கொட்டும். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை ஏசியில் அப்படி நடக்காது. சொன்ன வெப்பநிலை வரும்வரை முழு வேகத்தில் ஓடும், வந்ததும் நின்றுவிடும். 16 வைத்தால் நிற்பதுதான் தள்ளிப்போகும். இரண்டு பேர் கண்ணிலும் விழுவது ஒரே பெட்டிதான், உள்ளே ஓடுவது வேறு. ஒருவருடைய ஊகம் பொய்க்கிறது. பொய்த்த இடத்தில் நின்று ‘ஏன்?’ என்று கேட்டால் அங்கே கற்றல் நடக்கிறது. மனப்பாடம் செய்தவருக்கு ஊகமே இல்லை, பொய்ப்பதற்கும் ஒன்றுமில்லை.

1983-ல் மின்சுற்று பற்றி ஓர் ஆய்வு வந்தது. மின்சாரத்தை நீரோட்டமாக எண்ணியவர்கள் மின்கல இணைப்புக் கேள்விகளில் முந்தினார்கள், வாயில் வழியே முண்டியடிக்கும் கூட்டமாக எண்ணியவர்கள் மின்தடைக் கேள்விகளில் முந்தினார்கள். அதாவது ஒன்று மட்டும் போதாது. அமெரிக்க முதலீட்டாளர் சார்லி மங்கர் 1994-ல் மாணவர்களுக்குப் பேசும்போது முதலீட்டுக்கு இதைத்தான் சொன்னார்: பல துறைகளின் மாதிரிகளைப் பின்னலாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று.

வாய்ப்பை எடைபோடுவதும் இப்படித்தான். கூடுதல் சம்பளத்தோடு இரண்டு வருட ஒப்பந்த வேலை வருகிறது என்று வையுங்கள். சம்பளத் தொகை கண்முன் நிற்கிறது. அந்த இரண்டு வருடத்தில் கைநழுவுவது என்ன, இதே வழியில் போனவர்களில் பெரும்பாலானோருக்கு என்ன ஆயிற்று, பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா, இவையெல்லாம் உள்ளே ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சொல்லில் இந்த இயக்கம் இல்லாவிட்டால் மாணவர் இதையும் ஒரு படமாக நினைத்து மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்.

இரா.ந.

* * *

இரா.ந. சொல்வதைத் தொல்காப்பியர் உவமவியலின் முதல் நூற்பாவிலேயே பிரித்து வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது: “வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்.” படிமம் உருவிலோ மெய்யிலோ ஒத்திருப்பது. நாம் தேடுவது வினையால் ஒத்திருப்பது. மின்சாரம் பார்வைக்கு நீரைப் போல இல்லை, நடத்தையில்தான் ஒக்கிறது. அதனால் ‘இயங்குரு’ என்ற வினைத்தொகை எப்படி? இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் உரு, முக்காலமும் வந்துவிடுகிறது. மனத்தைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ‘மனவியங்குரு’.

ம.சு.

* * *

ம.சு. அண்ணா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் ‘மனவியங்குரு’வை முதலாண்டு மாணவர் ‘வியங்குரு’ என்று வெட்டிப் படிப்பார். ‘வியங்கோள்’ நினைவுக்கு வரும், எனக்கே வந்தது. ‘உள்ள’த்தையும் ‘மாதிரி’யையும் சேர்த்து ‘உளமாதிரி’ என்றாலும் சிக்கல் உண்டு. பிரித்தால் ‘உள மாதிரிகள்’, இருக்கிற மாதிரிகள் என்றாகும்.

இன்னொன்று. ‘வாய்ப்புச் செலவு’ (ஒன்றைத் தேர்ந்தால் கைநழுவும் மற்றொன்றின் மதிப்பு) என்று அங்கே எழுதுவதை இலங்கையில் நாங்கள் ‘அமையச் செலவு’ என்றுதான் படித்தோம். நூல் எங்களுக்கும் வருமானால் முதல் தடவை இரண்டையும் போடுங்கள். தனிச்சொல்லில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ‘மாதிரி’ இருந்தால் புரியும்.

த.சி.

* * *

ப.வே.க்கு ஒரு வார்த்தை. பாயிரத்துப் படிமை ‘படி’ என்ற தமிழ் அடியிலிருந்தே வரலாம். படி என்றால் ஒத்த நகல். ‘அப்படி’, ‘இப்படி’யில் இருப்பதும் அதுதான். பேரகராதி சொன்னதாலேயே வடசொல் ஆகிவிடாது.

க.தே.

* * *

அப்படியானால் ‘மனஸ்’ பற்றி அதே பேரகராதி சொன்னதை மட்டும் ஏன் ஏற்கிறீர்கள் ஐயா?

ப.வே.

* * *

எல்லோருக்கும் நன்றி. வடிவமைப்பாளர் இன்றைக்கே கோப்பைக் கேட்கிறார், அதனால் முடிவெடுத்துவிட்டேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘மனமாதிரி’க்குத்தான் சரி என்கிறார்கள், வேறு வழியில்லாமல் சரி என்பவர்களும் அதில் உண்டு. சேர்த்து மட்டுமே எழுதுவோம். முதல் பக்கத்தில் ‘மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் மாதிரி’ என்று விளக்கி, ஏசி எடுத்துக்காட்டை இரா.ந. அக்கா அனுமதியோடு சேர்க்கிறேன். ‘அமையச் செலவு’ம் வருகிறது. ‘இயங்குரு’வைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகக் கொடுத்திருக்கிறேன்.

செ.மு.

* * *

மாற்றுச்சொல்லாகப் போட்டால் யாரும் எடுத்தாள மாட்டார்கள், செ.மு. பழகாத சொல் என்று ஒவ்வொரு முறையும் தள்ளினால் அது எப்போது பழகும்? ‘படிம’த்தை விட்டுவிடுகிறேன், இரா.ந. சொன்னது நியாயம். ஆனால் என் கட்டுரைகளில் இனி ‘இயங்குரு’ என்றுதான் எழுதுவேன். ‘மா’ பற்றிய மடல் நாளை வரும்.

க.தே.