சி நூலகத்தை வேறு மொழியிலிருந்து அழைத்தபோது: தராசில் ஒரு எடை, பில்லில் வேறு எடை

வில்லாபுரம்:
மக்களே, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழியின் கோடை அழைக்கும்போது டேட்டா டைப் மாறிப்போய் அவதிப்பட்டவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எலக்ட்ரானிக் தராசோடு பேசும் நூலகம் (லைப்ரரி, தயாராக எழுதிவைத்த கோடு) சி மொழியில் இருந்தது. பில் பகுதி பைத்தான், நடுவில் சிடைப்ஸ், அதாவது பைத்தானிலிருந்து சி நூலகத்தை அழைக்க உதவும் பகுதி. விடியற்காலை முதல் மல்லி மூட்டை ஏறியது. தராசில் 12.450 கிலோ, திரையில் 0. அடுத்த மூட்டைக்கு எட்டு இலக்கத்தில் ஏதோ ஒரு எண். எரர் என்று ஒரு வரி கூட இல்லை. பூ வாடும் சரக்கு, நிறுத்திவைக்க முடியாது. அன்று முழுக்கக் கையால்தான் சீட்டு எழுதினார்கள். "என் எடை சரியா ஏறிருமாப்பா?" என்று நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார். இன்றும் எனக்கு அது மறக்கவில்லை.

எடை தரும் ஃபங்ஷன் டபுள், அதாவது தசம எண், திருப்பித் தருவது. சிடைப்ஸிடம் நாம் எதுவும் சொல்லாவிட்டால், வரும் விடை இன்ட், அதாவது முழு எண், என்றே அது எடுத்துக்கொள்ளும். 64 பிட் இன்டெல் மெஷினில் முழு எண் விடை ஒரு ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வரும், தசம எண் விடை வேறொன்றில் வரும். நூலகம் எடையை உரிய இடத்தில்தான் வைத்தது. பைத்தான் வேறு ரெஜிஸ்டரைப் பார்த்து, அங்கே ஏற்கெனவே கிடந்ததை எடுத்து வந்தது. விடையின் டைப்பைச் சொல்லும் ரெஸ்டைப் என்ற இடத்தில் சி_டபுள் என்று ஒரு வரி எழுதினேன், சரியாகிவிட்டது.

அதே நூலகத்தில் இன்னொன்று. தராசைத் திறக்கும் ஃபங்ஷன் ஒரு பாயின்டர், அதாவது மெமரி முகவரி, தரும். என் பழைய 32 பிட் கம்ப்யூட்டரில் பாயின்டரும் 4 பைட், இன்ட்டும் 4 பைட், அதனால் ஓடியது. கடையின் 64 பிட் மெஷினில் 8 பைட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு செக்மென்டேஷன் ஃபால்ட், புரோகிராம் அங்கேயே விழுந்தது. என்னைக் கேட்டால் இதுவே மேல். விழுந்தால் தெரிந்துவிடுகிறது. தப்பான எடை பில்லில் ஏறினால் யாருக்குத் தெரியும்?

மேலூர்:
அண்ணே, காலேஜ்ல இப்பத்தான் சிடைப்ஸ் தொட்டிருக்கேன். டைப் தப்புன்னா கம்பைலர் சொல்லணும்ல? ஏன் சொல்லல?

வில்லாபுரம்:
நல்ல கேள்வி தம்பி. கம்பைலருக்கு டைப் தெரிவது, ஃபங்ஷன்களின் டைப்களை எழுதிவைத்திருக்கும் ஹெடர் ஃபைலைப் படிப்பதால். சிடைப்ஸ் ஹெடரைப் பார்ப்பதே இல்லை, கம்பைல் ஆன நூலகத்தை நேராகத் திறக்கிறது. சி நூலகத்தில் வெளியே தெரிவது ஃபங்ஷனின் பெயர் மட்டும்தான். எத்தனை ஆர்கியுமென்ட் (ஃபங்ஷனுக்கு உள்ளே கொடுக்கும் மதிப்பு), என்ன டைப் என்று அந்தப் பெயரில் எங்கும் இருக்காது. சி பிளஸ் பிளஸில் ஆர்கியுமென்ட் டைப்களையும் பெயருக்குள் சேர்த்துப் பின்னுவார்கள். சி முறையிலேயே பெயர் வை என்று சொல்லும் எக்ஸ்டர்ன் சி போட்டதும் அதுவும் போய்விடும். ஆகவே ஹெடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆர்கியுமென்ட்களுக்கான ஆர்க்டைப்ஸ், விடைக்கான ரெஸ்டைப் இரண்டையும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நம் கையால் எழுத வேண்டும். ஒன்றைக்கூட விடாதே.

திருமங்கலம்:
என்னுடையது ஜாவா. ஒரு மில்லின் கணக்கை காசுக் கணக்காக வைத்து, ஜாவாவிலிருந்து சி கோடை அழைக்கும் ஜேஎன்ஐ வழியாக சி பக்கம் அனுப்பினோம். அங்கே அதை லாங் என்று வாங்கினோம். ஜாவாவின் லாங் எங்கே ஓடினாலும் 64 பிட். சி மொழியின் லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். எங்கள் சோதனையெல்லாம் லினக்ஸில் நடந்தது, மில்லில் விண்டோஸ். மாதக் கணக்குகள் சரியாக வந்தன. ஆண்டு மொத்தம் 2,14,74,836 ரூபாய் 47 காசைத் தாண்டியதும் மைனஸில் போனது. 32 பிட்டில் அடங்கும் கடைசி எண் 2147483647, அதைக் காசாக எடுத்தால் அந்தத் தொகை. அதிலிருந்து இரண்டு மொழிகளின் எல்லையில், எங்கும் 64 பிட்டாகவே இருக்கும் இன்ட்64_டி தவிர வேறெதையும் நான் விடுவதில்லை.

செல்லூர்:
தமிழ்ப் பெயர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு. மண்டகப்படிக்காரர் பட்டியல் ஒன்றை, பல விவரங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் சி ஸ்ட்ரக்சரில் வைத்திருந்தார்கள், பெயருக்கு 20 பைட். "மதுரை" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானின் லென் துணைக்குறிகளையும் தனியாக எண்ணி 5 என்கிறது, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் எடுக்கும் யூடிஎஃப்-8ல் சி மொழியின் எஸ்டிஆர்லென் பைட்டை எண்ணி 15 என்கிறது. மூன்றும் சரி. "மீனாட்சி" 24 பைட். முடிவுக்குறிக்கு ஒன்று போக 19 பைட்டில் வெட்டினால் "மீனாட்" வரை வந்து, "ச"வின் முதல் பைட் மட்டும் வாலில் ஒட்டிக்கொள்ளும். பைத்தான் அதைப் படிக்க மறுத்து நின்றுவிட்டது. பெயரை அரைகுறையாகக் காட்டாமல் நின்றதே நல்லது. பைட் கணக்கில்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

வில்லாபுரம்:
ஸ்ட்ரக்சர் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு கேரக்டரும் ஒரு டபுளும் இருந்தால் 9 பைட் என்று நினைப்போம். 64 பிட் மெஷினில் நடுவே இடைவெளி விட்டு 16 ஆகும். நூலகத்தில் ஸ்ட்ரக்சரின் அளவை (சைஸ்ஆஃப்) சொல்லும் சிறு ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். புரோகிராம் எழும்போதே சிடைப்ஸின் கணக்கோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் நின்றுவிடும்.

பூக்கடையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. காலையில் மூட்டை ஏறும் முன் 5 கிலோ படிக்கல்லைத் தராசில் வைப்பார்கள். திரையில் 5.000 வந்த பிறகுதான் பில் பட்டன் திறக்கும்.