ஆரல் கிளறும் தொட்டியில் செடி நிற்குமா?

ஹட்டன்_தொட்டி:
தொட்டியில் ஒரு ஆரலும் கொஞ்சம் அயிரையும் வளர்க்கிறேன். இரவெல்லாம் மணலைக் கிளறுகின்றன, நட்ட வாலிஸ்நேரியா (நாடா போன்ற இலையுள்ள நீர்ச்செடி) காலையில் மிதக்கிறது. மணலை அள்ளிவிட்டுப் பெரிய கல் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

கண்டி_நீர்த்தோட்டம்:
வேண்டவே வேண்டாம் தம்பி. மணலுக்குள் புதைந்து கிடப்பதுதான் ஆரலின் குணம், கரடான கல்லில் உரசினால் மூக்கும் தோலும் புண்ணாகும். மெல்லிய மணலே இருக்கட்டும், மூன்று அங்குலம் போட்டு க்ரிப்டோகோரைன் வென்ட்டி நடுங்கள், வேர் பிடிக்கும்வரை மீன்களை வேறு தொட்டியில் வையுங்கள். வேர் நன்றாகப் பின்னிவிட்டால் ஆரலால் லேசில் அசைக்க முடியாது. ஆனால் ஓடையில் பிடுங்காதீர்கள், இயற்கையாக நம் இலங்கையில் மட்டுமே வளரும் செடி அது, நர்சரியில் வாங்குங்கள்.

நுவரெலியா_பனி:
அண்ணே, கண்டி 500 மீட்டர் உயரம், அங்கே அது சரி. இங்கே 1,868 மீட்டர். க்ரிப்டோகோரைன் இடம் மாறினாலே இலை கரைந்துபோகிற செடி, இந்தக் குளிரில் மறுபடி துளிர்த்து வேர்விட மாதக்கணக்காகும், அதுவரை மீனை எங்கே வைப்பது? ஹட்டனும் குளிர்தான். ஜாவா ஃபெர்ன் என்கிற நீர்ப்பெரணியை நூலால் மரக்கட்டையில் கட்டிவிட்டால் மணலே தேவையில்லை, ஆரல் எவ்வளவு கிளறினாலும் கவலையில்லை. கிழங்கை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும்.

கண்டி_நீர்த்தோட்டம்:
தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போகிறது என்றால் செடிக்கு முன்னால் ஆரல்தான் துவண்டுபோகும்! முதலில் ஹீட்டர் போடுங்கள், 25 பாகையில் வேரும் பிடிக்கும்.

நுவரெலியா_பனி:
ஹீட்டர் போடலாம், ஆனால் மேலே பாதுகாப்புக் கூடு மாட்டாமல் போடக்கூடாது, ஆரல் அதன் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு உடம்பைச் சுட்டுக்கொள்ளும்.

பதுளை_அக்கா:
ஏன் இவ்வளவு சண்டை? தயிர் வாங்கும் மண்முட்டியைக் கொதிநீரில் போட்டு எண்ணெய்ப்பசை போகக் கழுவி, வாலிஸ்நேரியாவை அதில் நட்டு, வழுவழுப்பான ஆற்றுக்கல்லை மேலே நெருக்கமாக அடுக்கி, விளிம்பு கொஞ்சம் வெளியே தெரியும்படி மணலில் இறக்குங்கள். மீனுக்கு மணலும் கிடைக்கும், செடிக்கு இடமும் கிடைக்கும்.

கண்டி_நீர்த்தோட்டம்:
அக்கா, வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுப் பரவும் செடி. முட்டிக்கு வெளியே இறங்குகிற குட்டிகளை ஆரல் பிடுங்கத்தானே செய்யும்?

பதுளை_அக்கா:
பிடுங்கட்டுமே, மிதக்கும் குட்டியை எடுத்து அடுத்த முட்டியில் நட்டால் போச்சு. தாய்ச்செடி அசையாது.

ஹட்டன்_தொட்டி:
சரி, மணலை அள்ளவில்லை. கூடு போட்ட ஹீட்டர், வாலிஸ்நேரியாவுக்கு முட்டி, கட்டையில் ஜாவா ஃபெர்ன். க்ரிப்டோகோரைனும் முட்டியிலேயே நிற்குமா அக்கா?

பதுளை_அக்கா:
நிற்கும் தம்பி. வேருக்கு உர மாத்திரை ஒன்று உள்ளே புதைத்துவிடுங்கள், இலை கரைந்தாலும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.