பதினொரு நாள் திருச்சிப் பயணம்: கருப்பனை எங்கே விடுவது?

தாமான்_மருமகள்:

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டம் முடிந்து தாமான், அதாவது குடியிருப்பு, தொடங்கும் ஓரத்து வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. வருகிற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சி போகிறோம், பதினொரு நாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாமியாரும் வருகிறார், அதனால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பிரச்சினை கருப்பன். ஒன்பது வயது நாட்டு நாய். ஊரே பயப்படும்படி குரைப்பான், இடி இடித்தால் மட்டும் சமையலறை மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வான். கணவர் ஈப்போவில் ஒரு நாய் விடுதியை விசாரித்திருக்கிறார், ஒரு நாளைக்கு 35 வெள்ளி (ரிங்கிட்). அதைக் கேட்டதிலிருந்து மாமியாருக்குத் தூக்கமில்லை. "நாய்க்கு ஹோட்டல் வாடகையா? லயத்து மண்டோர் தாத்தாகிட்ட சாவியைக் கொடுத்தா வந்து சோறு வச்சிட்டுப் போவாரு" என்கிறார். தாத்தா தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், இருப்பவர்; மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவர். எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் தினமும் மோட்டர் சைக்கிளில் கடைத்தெருவுக்கு வருகிறவர், கருப்பனுக்கும் பழக்கம். என் அம்மா வீடு இருக்கிறது, ஆனால் அங்கே ஏற்கனவே இரண்டு நாய்கள். மூன்றும் சேர்ந்தால் போர்தான். என்ன செய்யலாம்?

ஈப்போ_ரோடு:

விடுதி. யோசிக்கவே வேண்டாம். 11 நாளைக்கு 385 வெள்ளி. குடும்பமே விமானம் ஏறுகிறீர்கள், நாய்க்கு வரும்போது மட்டும் கணக்குப் பார்ப்பதா?

"சோறு வைத்துவிட்டுப் போவார்" என்ற அந்த வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு வைப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. நாய் வளர்ப்பவருக்கு அதன் தேவைகளைக் கவனிக்கும் கடமை உண்டு என்று 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தியது உறுதியானால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விளையாட்டு இல்லை.

லயத்துப்பிள்ளை:

சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் அண்ணன். மண்டோர் தாத்தா சோறு வைத்தால் மூன்று வருடம் சிறையா?

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் டைகர் விடியற்காலையில் அப்பாவோடு பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போகும். அவர் ரப்பர் மரம் சீவி முடிக்கும்வரை மர வரிசையிலேயே படுத்திருக்கும். தைப்பூசத்துக்கு நாங்கள் மூன்று நாள் பினாங்கு போனால் எதிர்வீட்டு அக்கா கருவாட்டுத் தலை போட்டுச் சோறு பிசைந்து வைப்பார். எழுதி ஒப்பந்தம் போட்டதில்லை, காசு கேட்டதில்லை. திரும்பி வரும்போது பஞ்சாமிர்தம் ஒரு டப்பா கொடுப்போம், அவ்வளவுதான்.

விடுதி என்றால் என்ன? சிமெண்டுத் தரை, கம்பிக் கூண்டு, இரண்டு பக்கமும் ராத்திரியெல்லாம் குரைக்கிற, முன்பின் தெரியாத நாய்கள். ஒன்பது வயதில் முதல்முறையாகக் கருப்பனை அங்கே கொண்டுபோய்ப் பூட்டினால், நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே நினைப்பான்?

ஈப்போ_ரோடு:

தம்பி, நான் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் கிண்டல் செய்யுங்கள்.

சில வருடத்துக்கு முன் நாங்கள் நான்கு நாள் கேமரன் மலை போனோம். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்தோம். நல்ல பையன், சொன்ன நேரத்துக்கு வந்து சோறு வைத்தான். மூன்றாம் நாள் நாய் சாப்பிடவில்லை, வாசற்படியில் படுத்தே கிடந்தது. "உங்களைத் தேடி ஏங்குது" என்று குறுஞ்செய்தி அனுப்பினான். நாங்களும் "பாவம், நாளைக்கு வந்துவிடுவோம்" என்று பதில் போட்டோம். வந்து பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெள்ளை. எலி மருந்து. அன்று இரவே முடிந்துவிட்டது.

அந்தப் பையனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க முடியாது. ஐந்து காசு வாங்காமல் செய்தவனிடம் "ஏன் ஈறைப் பார்க்கவில்லை" என்று எந்த வாயால் கேட்பது? இலவசமாகச் செய்பவரிடம் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். அதனால்தான் சொல்கிறேன், காசு கொடுத்து விடுங்கள் என்று.

லயத்துப்பிள்ளை:

அண்ணே, மன்னிக்கணும். தெரியாது.

கிளினிக்_கவுண்டர்:

நான் ஒரு கால்நடை கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை, ஆனால் இந்தக் கதைகள் எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். ஈப்போ அண்ணன் சொன்னது போன்ற கேஸ் தோட்டப்புறத்தில் அபூர்வம் இல்லை.

செம்பனையில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டிகளில் பெரும்பாலும் இரத்தம் உறையவிடாமல் செய்யும் மருந்துதான் இருக்கும். அதைத் தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டு ஓடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வு, ஈறு வெளுப்பு, மூச்சிரைப்பு, சில சமயம் மலத்தில் இரத்தம் என்று வெளியே வரும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு, அதாவது. வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், வாரக்கணக்கில் கொடுக்கவேண்டும். ஆனால் நேரத்தோடு கொண்டுவந்தால்தான். ஆந்தைக்குப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்தும் தோட்டங்களும் உண்டு. உங்கள் வேலிக்குப் பின்னால் எப்படி என்று தோட்டத்து ஆள் யாரையாவது கேளுங்கள்.

சரி, விடுதிக்காரர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே 'கென்னல் காஃப்' என்ற நாய் விடுதி இருமல் இருக்கிறது. பல நாய்கள் ஒரே இடத்தில் மூச்சு விட்டால் சளி மாதிரி பரவும். அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம், ஆகவே வீட்டுக்கு வந்த பிறகு இருமத் தொடங்குவான். மூக்கில் விடும் தடுப்பு மருந்து சில நாளில் வேலை செய்யும். ஊசியாகப் போட்டால் முதல் தடவைக்கு இரண்டு டோஸ், நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம். ஆட்கள் புறப்படுவதற்கு முதல்நாள் நாயோடு வந்து நின்று "இன்றைக்கே எல்லா ஊசியும் போட்டுவிடுங்கள்" என்பார்கள். போடலாம், பயன் என்ன?

இன்னொன்று, கழுத்தில் லைசென்ஸ் வில்லை இருக்கிறதா? 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய் நோய் கண்டபோது தெருநாய்களை எப்படிப் பிடித்தார்கள் என்று நினைவிருக்கும். வில்லை இல்லாமல் கதவு தாண்டி ஓடும் நாய் நகராண்மைக் கழகத்தின் கண்ணுக்குத் தெருநாய்தான். நீங்கள் திருச்சியில் இருந்துகொண்டு வந்து மீட்கவும் முடியாது.

லயத்துப்பிள்ளை:

ஆக, விடுதியில் எலி மருந்து இல்லை, இருமல் இருக்கிறது. வீட்டில் இருமல் இல்லை, எலி மருந்து இருக்கிறது. இருமலுக்கு ஊசி இருக்கிறது என்பீர்கள். எலி மருந்துக்குக் கதவு இருக்கிறது அக்கா! பின்வேலியை அடைத்து, கருப்பனைக் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்தால் முடிந்தது.

ஈப்போ அண்ணன் துக்கம் புரிகிறது. ஆனாலும் காசு கொடுத்தால் எல்லாரும் ஈறைப் பார்த்துவிடுவார்களா? விடுதியில் முப்பது நாய்க்கு ஒரு வேலையாள் இருந்தால் யார் எந்த ஈறைப் பார்ப்பது? அப்புறம் மண்டோர் தாத்தா மாதிரி ஆளிடம் பத்து வெள்ளியை நீட்டிப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தொடமாட்டார்.

பால்மரத்துக்காரன்:

இரண்டு பேரும் நிறுத்துங்கள், கிழவன் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது எங்களை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். நான்காவது மாடி. நாய் வளர்க்கக்கூடாது. லயமே காலியானது, நாய்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. கூரைத் தகரத்தைக் கழற்றிய பிறகும் எங்கள் மணி அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை. வாரம் இரண்டு தடவை சைக்கிளில் சோறு கொண்டுபோவேன். இரண்டு மாதம் போனேன். பிறகு ஒரு நாள் திண்ணையும் இல்லை, அவனும் இல்லை.

லயத்துப்பிள்ளை தம்பி சொன்ன எதிர்வீட்டு அக்கா உண்மை. எங்களுக்கும் இருந்தார். ஆனால் அந்த அக்கா தனி ஆள் இல்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வீடு, அதற்கடுத்து இன்னொரு வீடு, இருபது வீட்டுக்கும் அந்த நாயைத் தெரியும். இன்றைக்கு லயத்தில் எத்தனை வீட்டில் நம்மவர் விளக்கு எரிகிறது? பாதியில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மீதி பூட்டு. இப்போது நீங்கள் எழுபது வயதுத் தாத்தா ஒருவர் தலையில் இருபது வீட்டு வேலையைக் கட்டுகிறீர்கள். அவர் மோட்டரில் விழுந்தால்? இரண்டாவது ஆள் யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தாமான்_மருமகள்:

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை ஐயா. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நேற்று தாத்தா வீட்டுக்குப் போனோம். ஈப்போ அண்ணன் சொன்னபடி காசு பேச்சை எடுத்தேன். லயத்துப்பிள்ளை அண்ணன் சொன்னபடியே நடந்தது. "நாயிக்குச் சோறு போடக் கூலியா?" என்று எழுந்து பின்பக்கம் போய்விட்டார். படிவம் ஆறு படிக்கும் பேத்திதான் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளிடம் வேறு விதமாகப் பேசினேன். தாத்தாவோடு தினமும் வரவேண்டும், கருப்பன் உதட்டைத் தூக்கி ஈறைப் படம் எடுக்கவேண்டும், சாப்பிட்ட தட்டைப் படம் எடுக்கவேண்டும், அதற்கு நாளைக்குப் பத்து வெள்ளி. உடனே சரி என்றாள். தாத்தாவுக்கு இது தெரியுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பாச்சிக்கிடமும் சொன்னோம். நாயைத் தொடமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். ஆனால் மாலையில் சூராவுக்கு, அதாவது தொழுகைக்கு, போகும்போது வேலி வழியாகப் பார்த்து, ஏதாவது சரியில்லை என்றால் கூப்பிடுவதாக அவரே சொன்னார்.

ஈப்போ_ரோடு:

பேத்திக்குக் கூலி கொடுத்தது நல்ல காரியம். ஆனால் விடுதியை ஒரு நாள்கூட முயன்று பார்க்காமல் தள்ளாதீர்கள். ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். எந்த வழி என்றாலும் ஒத்திகை வேண்டும்.

கிளினிக்_கவுண்டர்:

ஒத்திகைக்கு என் ஓட்டும் உண்டு. விடுதியோ வீடோ, கிளினிக்கில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள்: நாங்கள் ஊரில் இல்லை, இன்னார் கொண்டுவந்தால் சிகிச்சை கொடுக்கலாம், இவ்வளவு வெள்ளி வரை எங்களைக் கேட்கவேண்டாம் என்று. கொஞ்சம் முன்பணமும் கட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு மாணவி நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, உரிமையாளர் போன் எடுக்காமல், நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது எங்களுக்குப் பழக்கமான காட்சி.

தாமான்_மருமகள்:

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஈப்போ விடுதியில் விட்டோம். இடம் சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. காலையில் விடுதிக்கார அம்மாவே உண்மையைச் சொன்னார்: ராத்திரி முழுக்க எச்சில் ஒழுகியதாம், சோற்றைத் தொடவில்லையாம், கம்பியில் மூக்கைத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. "சில நாய் மூணு நாள்ல பழகிடும், இவன் பழகுவானான்னு சொல்ல முடியல" என்றார். மறைக்காமல் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் வீட்டில் ஒத்திகை. நாங்கள் அம்மா வீட்டில் தங்கினோம், தாத்தாவும் பேத்தியும் வந்தார்கள். தட்டு காலி.

ஈப்போ_ரோடு:

ஒரு ராத்திரி போதாது, மூன்றாவது நாள் சரியாகியிருப்பான் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சரி, உங்கள் நாய். வேலியை அடையுங்கள்.

தாமான்_மருமகள்:

திரும்பி வந்தாயிற்று. முந்தாநாள்.

பின்வேலியில் தகரம் அடித்துவிட்டுத்தான் போனோம். வில்லையும் எடுத்து மாட்டினோம். பேத்தி ஒரே ஒரு நாள் தவிர தினமும் இங்கே காலை ஏழு மணிக்குப் படம் அனுப்பினாள், அங்கே நாலரை மணி. திருச்சியில் லாட்ஜ் அறையில் இருட்டில் படுத்துக்கொண்டு நாய் ஈறைப் பெரிதாக்கிப் பார்க்கும் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மாமியார்தான் முதலில் போனைப் பிடுங்குவார்.

ஆறாவது நாள் பெரிய இடிமழை. அன்று படம் வரவில்லை. பாச்சிக் கூப்பிட்டு, தாத்தா மோட்டர் இன்னும் வாசலில் நிற்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது என்றார். பிறகு பேத்தி சொன்னாள், கருப்பன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லையாம், தாத்தா சமையலறையிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டாராம்.

ஈப்போ_ரோடு:

அந்தத் தாத்தா எல்லாருக்கும் கிடைக்கமாட்டார். இதைப் படித்துவிட்டு நாளைக்கு எவனாவது பக்கத்து வீட்டில் சாவியை எறிந்துவிட்டுப் போவான், பாருங்கள்.

லயத்துப்பிள்ளை:

அதை விடுங்கள் அண்ணே. அக்கா, உங்களைப் பார்த்ததும் கருப்பன் என்ன செய்தான்?

தாமான்_மருமகள்:

முதலில் பெட்டிகளை மோந்து பார்த்தான். மாமியார் காலை நக்கினான். அப்புறம் போய் வாசல் கதவோரம் உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் தாத்தா மோட்டர் சத்தம் கேட்கும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.