கூட்டுத் திட்டத்தில் ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணாமல் இருப்பது எப்படி?

முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டு ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் கண்காணிப்பு வேலை பார்க்கிறேன். ஒன்று வாழ்வாதாரம், மற்றது தாய்மார் போசாக்கு. வரவுசெலவும் படிவமும் தனித்தனி.

பிரச்சினை இதுதான்: மொத்தம் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு அமைப்பு குடும்பத்தை எண்ணுகிறது, மற்றது தனிநபரை. கோழிக்கூடு வாங்கிய அம்மாவே போசாக்கு வகுப்பிலும் இருக்கிறார், ஆனால் பட்டியலில் இரண்டு ஆளாக. இரண்டு உதவியும் கிடைத்த வீடுகளில் என்ன மாறியது என்று பார்க்கத்தானே கூட்டுத் திட்டமே வந்தது? அதுதான் தெரியவில்லை.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். பழைய அட்டையில் 9 இலக்கமும் ‘வி’யும், புதியதில் 12 இலக்கம். பழையதற்கு முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு சுழியம் போட்டு, கடைசி எழுத்தை நீக்கி எக்ஸலில் மாற்றினேன். அது சரியாக வந்தது. ஆனால் போசாக்குப் பட்டியலில் பல இடங்களில் கணவரின் இலக்கம்தான் இருக்கிறது. பெயரை வைத்தும் முடியவில்லை. முதலெழுத்து ஓரிடத்தில் தகப்பனுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. அப்புறம் கிராம அலுவலரின் குடும்பப் பட்டியலோடு ஒப்பிட்டேன். மீள்குடியேறி, பதிவை இன்னும் மாற்றாதவர்கள் அதில் இல்லை.

இடைக்கால மதிப்பாய்வு அடுத்த மாதம். திட்டம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, கணக்கெடுப்பை முதலிலிருந்து செய்யாமல், இரண்டு பட்டியலையும் வீட்டுக்கு ஒரு பொது எண்ணின் கீழ் கொண்டுவந்தவர்கள் அதை எப்படிச் செய்தீர்கள்?