பொருள்: திருடிய கடவுச்சொற்களை ஊரெல்லாம் போட்டுப் பார்ப்பதற்குத் தமிழில் என்ன?

கொக்குவில் (கணினி ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். தரம் 9, 10 பிள்ளைகளுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இணைய விளையாட்டு ஆடுகிறவர்களைக் குறிவைக்கும் மோசடிகள் பற்றியது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது. கிரெடென்ஷியல் ஸ்டஃபிங்கில் வந்து நிற்கிறேன். ஓரிடத்தில் கசிந்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சோடி சோடியாக மென்பொருளுக்குக் கொடுத்து, வேறு தளங்களில் போட்டுப் பார்ப்பது. 2020இல் நின்டெண்டோ என்ற விளையாட்டு நிறுவனத்தின் 3 இலட்சம்வரையான கணக்குகளுக்குள் பிறர் நுழைந்தார்கள். அந்தக் கடவுச்சொற்கள் வெளியே எங்கோ கிடைத்தவை, தங்கள் சேவையகத்தை எவரும் உடைத்ததற்குத் தடயமில்லை என்றது நிறுவனம். கையில் இருக்கும் மொழிபெயர்ப்பு “சான்றுத் திணிப்பு”. வகுப்பில் சொன்னேன். “கிராமசேவகர் தாற சான்றிதழோ ரீச்சர்?” என்று ஒரு பெடியன் கேட்டான்.

ரொறன்ரோ:
“வலிந்து நுழைதல்” போடலாமே? ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதுதான்.

உரும்பிராய் (நிரலர்):
அது வேறு, அண்ணை. அதில் எழுத்துகளை மாற்றி மாற்றி ஊகிப்பார்கள். இதில் ஊகமே கிடையாது. கடவுச்சொல் உண்மையானது, கதவுதான் வேறு. நூற்றில் ஒன்றுகூடத் திறக்காவிட்டாலும் பட்டியல் பெரிது என்பதால் கள்ளனுக்கு நட்டமில்லை. என் மருமகன் “இலவச டயமண்ட்” தருகிறோம் என்ற தளமொன்றில் பதிந்தான். அங்கே கொடுத்த கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுக் கணக்கு வேறு யாரோவின் பெயரில். கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் ஒரு கத்தியின் ஸ்கின்னே, அதாவது அதன் அலங்காரத் தோற்றமே, நல்ல காசுக்குப் போகும். அதை வைத்திருப்பவனோ பள்ளிக்கூடப் பெடியன், எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். பிறகென்ன? என் விருப்பம்: “கள்ளத் திறப்பு”. ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பருத்தித்துறை (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
தம்பி, கள்ளத் திறப்பு என்றால் கள்ளமாகச் செய்த திறப்பு. நீர் சொன்னபடி இதில் திறப்பு அசல், கொண்டு வருகிறவன்தான் கள்ளன். வீடு வீடாகப் போய், களவெடுத்த கோர்வையில் உள்ள ஒவ்வொன்றாகப் பூட்டில் விட்டுப் பார்க்கிறான். ஆகவே “திறப்புக்கோர்வைத் தாக்குதல்”.

கோயம்புத்தூர் (தமிழ்ப் பேராசிரியர், ஓய்வு):
ஐயா, திறப்பு என்றால் இங்கே திறப்பு விழாதான். திறவுகோல் என்ற தெளிவான சொல் இருக்க, தொழிற்பெயரைக் கருவிக்கு ஆக்குவானேன்? “திறவுகோற்கொத்து” என்க. அப்புறம், போலித் தளம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் ‘ஃபிஷிங்’குக்குக் கைநூலில் “தூண்டில் மோசடி” இருக்கும்போலத் தெரிகிறது. ஆங்கிலக்காரன் மீனை நினைத்தான் என்பதற்காக நாமும் மீன்பிடிக்கப் போக வேண்டுமா? “புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று” என்றாரே வள்ளுவர். புதருக்குள் ஒளிந்து பறவையைப் பிணிப்பது. போலித் தளம் செய்வதும் அதைத்தானே! “சிமிழ்ப்பு” என்பதே என் முன்மொழிவு. சிமிழ், இமிழ் இரண்டும் கட்டுதலைக் குறிக்கும். அமிழ் என்பதையும் இவற்றோடு வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

உரும்பிராய்:
ஐயா, சிமிழ் என்றால் பிள்ளைகளுக்குக் குங்குமச் சிமிழ். கொத்து என்றால் கொத்துரொட்டி.

பருத்தித்துறை:
தொழிற்பெயர் கருவிக்கு ஆவது தொழிலாகுபெயர். “வற்றல் தின்றான்” என்பதை ஏற்றுக்கொண்ட பேராசிரியர் திறப்பை ஏன் தள்ளுகிறார்? தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு சொல்வது திறவுகோல் அல்ல, சாவி. அது போர்த்துக்கீசம். எங்களிடம் 400 வருசத்துக்கு முன்னரே, 1619இல், யாழ்ப்பாணத்தையே பிடித்தவர்கள் திறப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ரொறன்ரோ:
கதிரையை விடவில்லையே மாஸ்டர்! அதுவும் அவர்களுடையதுதான். கதிரையில் இருந்துகொண்டு சாவிக்குத் தீட்டுப் பார்க்கிறோம். அலுமாரியும் அப்படித்தான்.

பருத்தித்துறை:
கதிரைக்கு மாற்றாக “இருக்கை” உண்டு. நான் பாவிப்பதில்லை, அது வேறு கதை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1847இல் வந்து பிறகு மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த மண் இது. உடம்பின் உள்ளுறுப்புகளுக்கே சொல் கண்ட இடத்தில் ஒரு பூட்டுக்கும் திறப்புக்கும் கோயம்புத்தூரிடம் அனுமதி கேட்பதா?

கோயம்புத்தூர்:
அனுமதி என்று நான் சொல்லவில்லை. கலைச்சொல் கடல் தாண்ட வேண்டும் என்றேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒன்று, கோவைப் பிள்ளைக்கு ஒன்று என்றால் நாளை ஒரு கட்டுரையைத் தேடி எடுக்கக்கூட முடியாது.

உரும்பிராய்:
அது நியாயமான பேச்சு. ஆனால் தேடுகிறவர்கள் “கிரெடென்ஷியல்” என்று தமிழில் அடித்துத்தான் தேடுகிறார்கள். அதையும் தலைப்பில் போடுங்கோ ரீச்சர். சொல்லை விட முக்கியமானது: இரண்டுபடிச் சரிபார்ப்பு பற்றி எழுதியிருக்கிறீர்களா? கடவுச்சொல் போனாலும் போனுக்கு வரும் எண் இல்லாமல் உள்ளே போவது கஷ்டம். அந்த எண்ணைக் கேட்டு நண்பன் மாதிரி ஒருவன் அரட்டையில் வருவான், கொடுத்தால் போச்சு.

கொக்குவில்:
எழுதியிருக்கிறேன், தம்பி. எண் கேட்டு வருகிறவன் விசயத்தைச் சேர்க்கிறேன். இன்று மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளிடமே விட்டேன். திறப்புக்கோர்வை என்றதும் பின்வாங்கிலிருந்து ஒருத்தி, “அப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் வேற வேற திறப்பு வைக்கோணும்” என்றாள். அந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைத்ததே அவ்வளவுதான். “திறப்புக்கோர்வைத் தாக்குதல்” என்று போடுகிறேன், கீழே சின்ன எழுத்தில் கிரெடென்ஷியல் ஸ்டஃபிங். தூண்டிலில் கை வைக்க நேரமில்லை. எல்லாருக்கும் நன்றி.

ரொறன்ரோ:
சரி.

உரும்பிராய்:
சரி ரீச்சர்.

கோயம்புத்தூர்:
பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். மறுபதிப்பில் அடிக்குறிப்பாகவேனும் திறவுகோல் இடம்பெறட்டும். சிமிழ்ப்பை மறுத்து இலக்கணக் காரணம் ஒன்றும் இதுவரை எவரும் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.